எங்கள் தெருவின் சூடு

மாமாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாளே இதை அவர் வாயால் கேட்டுவிடுவார்கள். "சுவத்துல இடிங்க, கம்பத்துல இடிங்க, வேணும்னா என் மேலயே ஏத்துங்க. அந்த வெள்ளைப் பெட்டியை மட்டும் தொட்டீங்கன்னா, அன்னைக்கு இருக்கு கச்சேரி."

பயிற்சி மைதானத்தின் கோடியில், கம்பிவேலி போட்ட ஒரு துண்டு புல்தரையில், ஆள் உயரக் கால்களில் நிற்கிறது அந்தப் பெட்டி. பழைய ஜன்னல் கதவுகளை அறுத்து மாமாவே செய்தது. பக்கங்களில் சாய்த்து அடித்த பலகைகளுக்கு நடுவே காற்று புகும், வெயில் புகாது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர். சிவப்புக் கோடு ஏறி இறங்கும் சாதாரணக் கண்ணாடிக் குழாய்தான். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு மணிக்கு ஒரு தடவை மாமா கதவைத் திறந்து பார்ப்பார். அந்த நேரத்தில் காரில் யார் உட்கார்ந்திருந்தாலும், ரிவர்ஸில் பாதி வளைந்து நின்றாலும், "பிரேக்கை மிதிச்சுட்டு அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

தெருவில் அவருக்கு 'டிகிரி' என்று பட்டப்பெயர். கல்லூரி வாசலை மிதிக்காத மனிதருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

இருபது வயதில் லாரி ஓட்டினார். பிறகு வாடகைக் கார். பிறகு சொந்தமாக ஒரு பழைய காரை வாங்கி, பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் பொருத்தி, ஓட்டுநர் பள்ளி என்று பலகை மாட்டினார். முதல் மாணவி அத்தைதான், அதாவது அவருடைய மனைவி. இரண்டே நாளில் காரைவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாளாம். "கத்துறதுக்கு ஒரு அளவு வேணாமா? இவர்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கிறதைவிட, இவரோட வாழ்ந்துடறது சுலபம்" என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

வானிலை அவருக்கு ரேடியோவோடு போட்ட சண்டையில் தொடங்கிய பழக்கம். ரேடியோ முப்பத்தாறு டிகிரி என்று சொல்லும். இங்கே ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. "எந்த ஊர்ல முப்பத்தாறு?" என்று ரேடியோவைத் தட்டுவார். ஒருநாள் கடைக்குப் போய் தெர்மாமீட்டர் வாங்கி வந்தார்.

நான் பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, அவர் வீட்டு மாடி அறையில் பையை இறக்கி வைத்தது கோடை தொடங்கிய வாரத்தில்.

"வா மருமகளே. உலகமெல்லாம் எப்படி இருக்கு?"

"எல்லா இடத்துலயும் சூடாத்தான் இருக்கு மாமா."

"எவ்வளவு?"

"எவ்வளவுன்னா?"

"சூடா இருக்குன்னா எனக்கு என்ன தெரியும்? இந்தா, இந்த டீயும்தான் சூடா இருக்கு. இத்தனை ஊரு போனியே, ஒரு ஊருலயாவது எத்தனை டிகிரின்னு பார்த்தியா?"

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "புள்ள சாப்பிட்டாளான்னு கேளுங்க முதல்ல. பரீட்சை அப்புறம் வைக்கலாம்."

ஆனால் அந்தக் கோடையில் அந்த எண் வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது எனக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது.

அத்தை பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறாள். லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி, தெருவாரியாகப் பிரிக்கிற வேலை. மேலே தகரக் கூரை. போன கோடையில் ஒருநாள் கையில் பெட்டியோடு அப்படியே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "பெட்டி உடைஞ்சிருச்சா?"

கிடங்கில் ஒரு விதி உண்டு. மதியம் ஒரு மணிக்கு வானிலை அலுவலகம் நாற்பது டிகிரி அல்லது அதற்கு மேல் என்று அறிவித்தால் ஷட்டரை இறக்கிவிட்டு, மதிய வேலையை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். விதி நல்ல விதிதான். ஆனால் கணக்கில் எடுப்பது பக்கத்தில் உள்ள நிலையத்தின் அளவை. பக்கத்து நிலையம் இருப்பதோ ஏரிக்கரையில், மரநிழலும் தண்ணீர்க் காற்றும் சூழ்ந்த இடத்தில். அத்தை விழுந்த அன்று அங்கே முப்பத்தேழு. மேலாளர் கெட்டவர் இல்லை. "நான் என்னம்மா செய்யறது? முப்பத்தேழுன்னு போட்டிருக்காங்களே" என்று ஃபோனைக் காட்டினார்.

மாமா விடவில்லை. தன் மைதானத்தையும் ஒரு நிலையமாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வானிலை அலுவலகத்தின் படியில் அந்த வருஷம் முழுக்க ஏறி இறங்கினார். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். கோடையின் உச்ச மாதம் சோதனை மாதம். மாமாவின் பெட்டிக்குள் அலுவலகத்தின் கருவி ஒன்றும் இருக்கும். தீப்பெட்டி அளவுதான். எண் எதுவும் காட்டாது. மணிக்கு ஒருமுறை, சரியாக மணி தொடங்கும் நொடியில், தானாகவே உள்ளுக்குள் குறித்துக்கொள்ளும். மாமா கண்ணால் பார்த்துச் சொல்வதும் அது குறிப்பதும் ஒத்துப்போனால் எங்கள் தெரு அறிவிப்பில் சேரும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

"அடுத்த வருஷம்னா இன்னொரு கோடை இவ தகரத்துக்கு அடியில நிக்கணும்" என்றார் மாமா.

மாதத்தின் முதல் வாரம் ஏமாற்றுக்கார வாரம். விடியற்காலையில் போர்வை கேட்கும், ஒன்பது மணிக்குள் சட்டை முதுகோடு ஒட்டும். மதியத்தில் மேற்கிலிருந்து வறண்ட காற்று. துணி காயப்போட்டால் கடைசித் துணியைப் போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிடும். மாமா நாள் தவறாமல் அளவை அனுப்பினார். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டரை. முப்பத்தொன்பது.

வார முடிவில் வானிலை அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் ஸ்கூட்டரில் வந்தாள். மாமா அவளை 'வானிலை மேடம்' என்பார். கருவியில் இருந்ததை ஃபோனில் இறக்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"சார், காலைல நீங்க சொல்றது எங்க கருவியைவிட அதிகமா இருக்கு. மதியம் பார்த்தா குறைவா இருக்கு."

"உங்க கருவிக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ."

அவள் கோபப்படவில்லை. ஒரு குவளை நிறைய நொறுக்கிய ஐஸ் கேட்டாள். தண்ணீர் விட்டு, தெர்மாமீட்டரையும் கருவியையும் ஒன்றாக உள்ளே விட்டாள். கொஞ்ச நேரத்தில் தெர்மாமீட்டரின் கோடும், அவள் ஃபோனில் வந்த கருவியின் அளவும் பூஜ்யத்தில் வந்து நின்றன.

"உங்க தெர்மாமீட்டர் சரி. எங்க கருவியும் சரி. நடுவுல ஏதோ ஒண்ணு தப்பு. தெர்மாமீட்டர் கெட்டிருந்தா எப்பவும் ஒரே பக்கமா இழுக்கும். இது காலைல ஒரு பக்கம், மதியம் ஒரு பக்கம் இழுக்குது. பெட்டிக்குள்ள வேற ஏதாவது வைக்கிறீங்களா சார்?"

"எதை வைப்பேன்? மதியச் சாப்பாட்டையா?"

"காரணம் தெரியாம இதை ஏத்துக்க முடியாது சார். கண்டுபிடிங்க. உங்களால முடியும்" என்று சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. பெட்டிக்கு மறுபடி வெள்ளையடித்தார். கதவு சரியாக வடக்கே பார்க்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். கார் புகையின் சூடாக இருக்குமோ என்று மைதானத்தின் அந்தப் பாதியில் வண்டியே வரக்கூடாது என்றார். இதில் மகிழ்ந்தவர் ஒரே ஒரு ஆள்தான். கண்ணாடிக் கடைக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி விற்பவர். ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். முன்னால் போவது ஒன்றும் பிரச்சினை இல்லை. ரிவர்ஸ் கியர் என்றால் மட்டும் கை நடுங்கும்.

"அப்போ இன்னைக்கு ரிவர்ஸ் கிடையாதா சார்?"

"கிடையாது."

"நல்ல மனுஷன் சார் நீங்க" என்றார் அவர்.

எதுவும் பலிக்கவில்லை. வேறுபாடு அப்படியே இருந்தது.

இரண்டாவது வாரத்தில் காற்று சுத்தமாக நின்றது. வானம் நீலத்தை விட்டுவிட்டு வெளுத்துப்போனது. தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தி வைத்த கார்களுக்கு அடியில் நாய்கள் இடம் பிடித்துப் படுத்தன. அத்தை தினமும் மாலையில் வந்து செருப்பைக் கழற்றியதும் தரையில் படுத்துவிடுவாள். பேச்சே வராது. மாமா விசிறியைத் திருப்பி அவள் பக்கம் வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார்.

ஒருநாள் கிடங்கு ஷட்டர் பழுதாகி அத்தைக்கு விடுமுறை கிடைத்தது. மைதானத்து ஓரக் கொடியிலிருந்து துணி எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மணி. மாமா வழக்கம்போலப் பெட்டிக்குப் போனார். மதிய அளவெடுப்பின்போது அத்தை எப்போதும் கிடங்கில் இருப்பாள்; அதனால் இதுவரை பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன், ஆனால் இப்படித்தான் செய்வார்கள் போல என்று விட்டிருந்தேன்.

மாமா தோளில் இருந்த துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்தார். தலையில் போட்டுக்கொண்டு, பெட்டியின் கதவைத் திறந்து, பழைய காலத்து போட்டோகிராபர் கறுப்புத் துணிக்குள் போவதுபோலத் தலையை உள்ளே விட்டார். துண்டின் முனைகள் இரண்டு பக்கமும் தொங்கின. வெளியே வரவே இல்லை.

அத்தை துணியைக் கீழே போட்டாள். "என்னங்க! உள்ள யாராவது குடியிருக்காங்களா? இவ்வளவு நேரம் யார்கூடப் பேசறீங்க?"

மாமா தலையை வெளியே எடுத்தார். ஒரு கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"நீட்டுங்க."

பூதக்கண்ணாடி. கைப்பிடி போட்டது, உள்ளங்கை அகலம்.

"இது எப்போலருந்து?"

"வண்டில மேப் பார்க்கறதுக்கு வாங்கினது..."

"இந்தத் தெருவுக்கு எதுக்கு மேப்? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுது. தூரத்துல எறும்பு போனாலும் தெரியுது. கிட்டத்துலதான் கோடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. போன கார்த்திகை தீபத்துக்கு அப்புறம்னு வையேன்... கொஞ்ச நாளாத்தான். வெளிச்சம் கண்ணைக் கூசுது, அதான் துண்டு."

"காலைலயும் இப்படித்தான் மண்டையை உள்ள விடுவீங்களா?"

"காலைல துண்டு கிடையாது. பூதக்கண்ணாடி மட்டும். மூச்சு பட்டு குழாய் மங்கிடும், விரலால துடைச்சுட்டுப் பார்ப்பேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். முகம் மாறியது. அத்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருமகளே, இங்க வா. எட்ட நின்னு படி. எவ்வளவு?"

"நாப்பது, புள்ளி மூணு."

ஈரத்துண்டோடு தலையை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து விலகி நின்றார். "இப்போ?"

"முப்பத்தெட்டு, புள்ளி ஒம்பது."

கதவை மூடி, கோடு பழையபடி ஏறும்வரை காத்திருந்து, துண்டில்லாமல் இன்னொரு தடவை செய்தார். அப்போதும் இறங்கியது, குறைவாக, ஆனால் இறங்கியது. மறுநாள் காலைக் குளிரில் அதையே செய்து பார்த்தோம். மூச்சுப் பட்டதும் சிவப்புக் கோடு ஏறியது. விடியற்காலை இருபத்தாறில் மனித மூச்சு சூடு. நடுமத்தியானம் நாற்பதில் அதே மூச்சு குளிர்ச்சி.

"இத்தனை நாளா நான் தெருவை அளக்கல" என்றார் மாமா. "என் மூஞ்சியை அளந்திருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை. "அப்போ முப்பத்தொம்பதுன்னு நீங்க சொன்ன அன்னைக்கெல்லாம் உண்மையில நாப்பதா? ஏரிக்கரைக்காரன்தான் எனக்கு எதிரா சாட்சி சொல்றான்னு நினைச்சேன். வீட்டுக்குள்ளயே ஒரு ஆள் சொல்லிட்டு இருந்திருக்கு."

மாமா பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கே போய் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுங்க."

"கண்ணாடி போட்ட வாத்தியார்கிட்ட வண்டி கத்துக்க எவன் வருவான்? இவருக்கே கண்ணு தெரியலைன்னு..."

"யாரும் வரமாட்டாங்க. சரி. ஆனா நீங்க போடலைன்னா நான் மறுபடி அங்க விழுவேன், வீட்டுக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குப் போவேன். எது உங்களுக்கு வசதி, சொல்லுங்க."

அரை மணி நேரத்தில் நாங்கள் கண்ணாடிக் கடையில் இருந்தோம். கடைக்காரரால் நம்ப முடியவில்லை. தன்னை வாட்டி எடுக்கிற வாத்தியார் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பழிவாங்கும் வாய்ப்பை அவர் விடவில்லை.

"மெதுவா சார்... இடது பக்கம் பாருங்க... இப்போ நேரா... பதறாதீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்ல? ஏன் சார் கை நடுங்குது?"

"யோவ், அளவைப் பாருய்யா."

எல்லாம் முடிந்ததும் அவர் குரல் மாறியது. "சார், தூரப்பார்வை உங்களுக்குப் பிரமாதம். வண்டி ஓட்டக் கண்ணாடியே வேணாம். படிக்கிறதுக்கு மட்டும்தான். இந்த வயசுல எல்லாருக்கும் வர்றது. இதுக்கா பயந்தீங்க?"

மாமா கண்ணாடியை மாட்டி, கடையின் விலைச்சீட்டு ஒவ்வொன்றையும் கை நீட்டிய தூரத்தில் வைத்து உரக்கப் படித்தார். பிறகு அங்கேயே நின்றபடி வானிலை மேடத்துக்கு ஃபோன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை. "மேடம், இதுவரைக்கும் நான் அனுப்பினது அத்தனையும் அடிச்சுடுங்க. அது என் மூச்சு."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. பிறகு அவள் சொன்னாள்: "அடிச்சுட்டேன் சார். இன்னையிலிருந்து புதுசா தொடங்குவோம். ரெண்டு வாரம் ஒத்துவந்தா போதும், மாசம் முடியறதுக்குள்ள சேர்த்துடறேன். ஒருநாள் விட்டாலும் அடுத்த வருஷம்தான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. கதவைத் திறந்ததும் புள்ளிக்கு அப்புறம் இருக்கிற எண்ணை முதல்ல படிங்க. மனுஷன் பக்கத்துல வந்தா அதுதான் முதல்ல ஓடும். முழு எண் எங்கயும் போகாது."

மூன்றாவது வாரத்தில் மாமா அளவெடுப்பதைப் பார்க்கத் தெருவே வேலிக்கு வெளியே நின்றது. கதவுக்கு முன் மூச்சை இழுத்து அடக்குவார். திறப்பார். கையெட்டும் தூரத்தில் நின்று மூக்கின் நுனிக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார். மூடுவார். பிறகுதான் மூச்சு விடுவார். "டிகிரி முத்துக் குளிக்கிறாரு" என்று ஒருவர் சொல்ல, அதற்கும் அவர் மூச்சு விடவில்லை.

அந்த வாரத்தின் கடைசியில்தான் புழுதிக்காற்று வந்தது. மதியம் ஒரு மணிக்குச் சற்று முன்னால், மேற்கே வானம் செங்கல் நிறத்தில் எழுந்து நின்றது. மழை என்று நினைத்து நான் மாடியிலிருந்து ஓடிவந்தேன். மழை இல்லை, மண். பெட்டியின் ஒரு கால் தரையைவிட்டுக் கிளம்பிவிட்டது. மாமா பெட்டியைக் கட்டிப்பிடிக்கப் போனவர், பாதியில் நின்றார். கட்டிப்பிடித்தால் அவருடைய சூடு உள்ளே போகும்! காலை மட்டும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் இன்னொரு காலைப் பிடித்தேன்.

"யோவ்!" என்று காரைப் பார்த்துக் கத்தினார். காருக்குள் கண்ணாடிக் கடைக்காரர். "வண்டியைப் பின்னால எடுய்யா! காத்தை மறைச்சு நிறுத்து!"

அவர் யோசிக்கவில்லை, நடுங்கவுமில்லை. ஒரே வீச்சில் ரிவர்ஸில் வளைந்து வந்து, வேலிக்கு மேற்கே சுவர்போல வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார். சூடு பரவக் கூடாதாம். மாமா எழுந்து, கண்ணாடியில் படிந்த மண்ணைச் சட்டையில் துடைத்து, மூச்சை அடக்கி, அளவு எடுத்தார். இறங்கி வந்த கடைக்காரர் தான் நிறுத்திய வண்டியைத் தானே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சார், நானா எடுத்தேன்?"

இரண்டு வாரமும் ஒத்துவந்தது. மாதம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது வானிலை மேடம் வந்து தீப்பெட்டிக் கருவியைக் கழற்றிக்கொண்டு போனாள். மறுநாள் மதியத்திலிருந்து எங்கள் தெரு அறிவிப்பில் சேர்ந்தது.

அந்த முதல் நாள் மதியம் மாமா சட்டைகூட மாற்றிக்கொண்டு போனார். கிடங்கிலிருந்து அத்தை ஃபோனில் காத்திருந்தாள். கதவு திறந்தது, மூடியது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

"எவ்வளவுங்க?"

"முப்பத்தொம்பது, புள்ளி எட்டு."

கிடங்கின் பின்னணியில் யாரோ பெட்டியை உருட்டும் சத்தம்.

"ரெண்டு புள்ளிதானே" என்றாள் அத்தை. "கிட்டப் போய்க் கொஞ்சம் ஊதி ஏத்தியிருக்கலாம்ல?"

"ஊதினா இறங்கும்மா."

அத்தை சிரித்துவிட்டாள். "அதுவும் சரிதான். எட்டுன்னா எட்டு. அனுப்புங்க. தண்ணி பாட்டில் வச்சிருக்கேன், ஓரமா நிக்கிறேன். நாளைக்குப் பார்ப்போம்."

அனுப்பினார். அன்று மாலை அவள் வந்து செருப்பைக் கழற்றும்வரை அவர் வாசலை விட்டு நகரவில்லை.

மறுநாள் காற்றே இல்லை. கொடியில் துணி அசையவில்லை. ஒரு மணிக்கு மாமா கண்ணாடிக் கடைக்காரரை மைதானத்தின் நடுவில் பாதி ரிவர்ஸில் நிறுத்திவிட்டு இறங்கினார். மூச்சை அடக்கினார். திறந்தார். மூடினார். அலுவலகத்துக்கு எண்ணை அனுப்பினார். பிறகு அத்தையைக் கூப்பிட்டு, ஃபோனை நானும் கேட்கும்படி பிடித்துக்கொண்டு, புள்ளியை முதலில் சொன்னார்.

"புள்ளி நாலு."

"முன்னால?"

"நாப்பது."

அத்தை யாரையோ கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. மேலாளரின் குரல் ஏதோ கேட்டது. "ஃபோன்ல பாருங்க சார், போட்டிருப்பாங்க" என்றாள். பிறகு கடகடவென்று ஒரு நீளமான சத்தம், மேலிருந்து கீழே, தரையில் வந்து முட்டி நிற்கும்வரை. ஷட்டர்.

"வர்றேங்க" என்று சொல்லி அத்தை வைத்துவிட்டாள்.

மாமா கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டார். மைதானத்தின் நடுவில் பிரேக்கை மிதித்தபடி கடைக்காரர் இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பார்க்கிறே? பின்னால எடு."